முதல் பேச்சு யாருக்கு

பொறாமை என்று சொன்னால் பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் கணவரின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, மூச்சு மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே இருக்க ஒரு நர்ஸ் வேண்டுமென்று போன் செய்தது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்.

வந்த மகராணி அதுவரை படுக்கையில் கிடந்த வயதானவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து கட்டியவள். தொண்டைக் குழாய் அவளுக்குப் புதிது. முதல் சில நாட்கள் ஒரு சீனியர் நர்ஸ் கூடவே வந்து சொல்லிக்கொடுத்தார். மெஷின் கத்தினால் முதலில் ஆளைப் பார், பிறகு மெஷினைப் பார். சளி உறிஞ்சும்போது நீயும் மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும், உடனே உறிஞ்சு குழாயை வெளியே எடு. நான் துணி மடிக்கிற சாக்கில் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு வருவது எனக்கு வராதா என்ன?

முதல் தடவை சளி எடுத்த அன்று அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் இனித்தது.

ஆனால் கெட்டிக்காரி. சீக்கிரமே கை படிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குரல் இல்லாத அவரது உதட்டைப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். அவர் வாயசைத்தால் நான் ஆயிரம் கேள்வி கேட்பேன். அவள் எட்டிப் பார்த்து, "சாருக்குக் கால் மரத்துப்போச்சாம்க்கா" என்பாள். ஆமாம் என்று அவர் கண்ணை மூடித் திறப்பார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான், மொழிபெயர்க்க அவள்.

ஒருநாள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க பாத்திரம் கழுவுற சத்தத்துல மெஷினே பயந்துடுமாம். சார் சொல்றாரு."

அன்றைக்கு இன்னும் சத்தமாகக் கழுவினேன்.

பகலில் கொஞ்ச நேரம் மெஷின் இல்லாமல் மூச்சு விட அவர் பழகியதும், குழாய் வாயில் பேச வைக்கும் மூடியைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அது மூச்சை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. தொண்டைக்குள் குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் உப்பியிருக்கும். அதிலிருக்கும் காற்றை முதலில் சிரிஞ்சால் எடுத்துவிட்டால், மூச்சு வாய்ப்பக்கம் ஏறிக் குரலாகும். எடுக்காமல் மூடியைப் போட்டால் உள்ளே போன மூச்சுக்கு வெளியே வர வழி கிடையாது. இதுவும் கதவோரம் கேட்டதுதான்.

அவர் முதலில் பேசுவது என்னிடம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். தலை வாரி, அவருக்குப் பிடித்த நீலத்தில் உடுத்திக்கொண்டு கட்டிலை ஒட்டி நின்றேன். மகராணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சளியை எடுத்தாள். "என்ன பேசணும்னு யோசிச்சு வச்சுக்கோங்க சார்" என்றபடி மூடியைக் கையில் எடுத்தாள். சிரிஞ்ச் உறை பிரிக்காமல் தட்டிலேயே கிடந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "பலூன் காத்த எடுத்தியா?"

அவள் முகம் வெளுத்தது. "இல்லக்கா."

சிரிஞ்சைப் பிரித்தாள், காற்றை எடுத்தாள், அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து மூடியைப் பொருத்தினாள். நான் விடுவேனா? இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"உன்ன நம்பி உசுர ஒப்படைச்சா, நீ என்னடான்னா..."

"அவளத் திட்டாத."

கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து வந்தது. அவர்தான்.

உயிரைக் காப்பாற்றியவள் நான், வக்காலத்து அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் அவள் தேம்பினாள். அவளைப் பார்க்க எனக்கு நேரமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"எத?"

"எதையாவது. அவளப் பத்தியே சொன்னாலும் பரவால்ல."