கீரைக்கு அடியில் ரொட்டி

ரொட்டி என்றால் காய்ச்சல். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாக்குக் கசந்து, கஞ்சியும் இறங்காமல் கிடப்பவனுக்கு டாக்டர் சொல்வது ரொட்டியும் பாலும். நல்லாயிருக்கிற மனுஷன் அதைத் தொடமாட்டான். இந்த ஊரில்தான், பீடி சுற்றும் பெண்களுக்கு ரொட்டித் தொழில் கற்றுக்கொடு என்று மாதர் சங்க ஊழியரான என்னை அனுப்பினார்கள். மேலதிகாரியிடம் வாதாடி ஜெயித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை என்பதால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்து, போர்மா என்று சொல்லும் செங்கல் அடுப்பைக் கட்டிக்கொடுத்தார். பெண்கள் அதற்குச் சந்தனம் தடவி, தேங்காய் உடைத்து, குலவையும் போட்டார்கள். ஆனால் அதிலிருந்து வெந்து வந்ததை ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. “நல்ல நாளும் அதுவுமா எதுக்கு டீச்சரம்மா?” என்று நகர்ந்துகொண்டார்கள். உப்பு, சீனி பார்ப்பதெல்லாம் என் தலையில் விழுந்தது. ஒரே மாதத்தில் எனக்கு ரவிக்கை இறுகிப்போனது.

அவர்களில் ஒருத்தி மட்டும் பீடியை அடியோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். புருஷன் இல்லாதவள். விட்ட மறுநாளே அவள் பங்கு பீடி இலையைக் கம்பெனி ஏஜெண்டு வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டான். ரொட்டித் தொழில் படுத்துவிட்டால் மற்றவர்களுக்குப் பீடி இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லை.

முதல் ரொட்டியை ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி மரியாதைக்காக வாங்கினார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவே ஆரஞ்சுப் பழத்தோடு அங்கே நின்றது. வீட்டில் வயதானவர் என்று இருந்தது அவருடைய மாமியார்தான். வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பிடித்து உட்காரவைத்து, ஆளாளுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல” என்று அவர் கத்தக் கத்த, “கடைசி வரைக்கும் தைரியமாத்தான் பேசுவாக” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாயங்கால பஸ்ஸில் கீழப்பாவூரிலிருந்து சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள்.

மறுநாள் அண்ணாச்சி எங்கள் அடுப்படிக்குப் பின்பக்கமாக வந்தார். “ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு, மாமியாரும் கேக்காக. ஆனா இனிமே இங்க வந்து வாங்கமாட்டேன். யாருக்கும் தெரியாம வீட்டுக்குக் கொண்டாந்து தாங்க.”

அப்படித்தான் பீடியை விட்டு வந்தவள் கீரைக்காரியானாள். நார்ப்பெட்டியின் அடியில் பன் ரொட்டி, மேலே அரைக்கீரை. வீட்டு வாசலில் “வெந்த கீரை இருக்கா?” என்று மெல்லக் கேட்டால் பன் என்று அர்த்தம். சாரல் காலத்தில் குற்றாலத்து பங்களாக்களிலும் கேட்க ஆரம்பித்தார்கள். பன்னில் கீரை வாடை வந்தது, கீரையில் பன் வாடை வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. அது மதுவிலக்குக் காலம். சாராயம் விற்றவர்கள் கூட எங்களைப் போல ஒளித்து வியாபாரம் செய்திருக்க மாட்டார்கள்.

மதுவிலக்குதான் எங்களைப் பிடித்தது. ஒருநாள் நானும் அவளோடு குற்றாலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். புளித்த மாவு வாடை அவள் சேலையெல்லாம் ஊறியிருந்தது. எதிரே வந்த போலீஸ்காரர் மூக்கைச் சுளித்து நின்றார்.

“பெட்டியில என்னட்டி?”

“கீரை, ஏட்டையா.”

“கீரையா இப்படிப் புளிச்சு நாறுது?” என்று கீரையைத் தள்ளினார். பெட்டி நிறையப் பன். சாராயத்தைத் தேடியவருக்கு அவமானமாகப் போய்விட்டது. “இதெல்லாம் யாருக்குக் கொண்டு போற? எந்தெந்த வீடு, சொல்லு.”

ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீடுகளைச் சொன்னால் அத்தோடு வியாபாரம் முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “எல்லாம் எனக்குத்தான்.”

“அம்புட்டுமா? அப்போ தின்னு, பாப்போம்.”

அவள் ஒரு பன்னை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மென்றாள். கண்ணைத் திறந்தாள். ரோட்டோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாவதை எடுத்தாள், பிறகு மூன்றாவதை. யாரும் அவளைத் தின்னச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு அம்மாள் பதறினாள். “ஐயோ, ஏட்டி, ஒனக்கு என்ன செய்யுது?”

வாய் நிறைய ரொட்டியோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பசிக்குது” என்றாள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “எனக்கும் அதேதான் செய்யுது” என்று கையை நீட்டினார். பிறகு அந்த அம்மாள் கேட்டாள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். பங்களாவுக்கு நாங்கள் கொண்டுபோனது கீரை மட்டும்தான்.