பல் டொக்டர் கட்டிய கணவாய்

சமாதான காலத்தில் வவுனியாவில் எங்களுக்கு ஒரு கழகம் இருந்தது. கழகம் என்றதும் கேட்பவர்கள் உதைபந்தாட்டத்தை நினைப்பார்கள். எங்களுடையது மேசைமேல் விளையாடும் கழகம். ஞாயிறு பின்னேரங்களில் ரியூசன் நடக்கும் ஒரு ரியூட்டரியின் மேல்மாடியில், வகுப்புகள் முடிந்த பிறகு, மேசைகளை ஒன்றாகத் தள்ளிப் போட்டு அதன்மேல் போர் நடத்துவோம். படைகள் எல்லாம் விரல் உயரப் பொம்மைகள். கோடரி தூக்கிய குள்ளர்கள், பச்சைத் தோல் பூதங்கள், குதிரைவீரர்கள், நரைத்தாடி மந்திரவாதி ஒருவன், செட்டை விரித்த ஒரு டிராகன். அளவுநாடாவால் அளந்து படையை நகர்த்த வேண்டும். தாயக்கட்டையை உருட்டி யார் செத்தது என்று பார்க்க வேண்டும். உண்மைச் சண்டை ஓய்ந்த ஊரில் வயதுவந்த ஆட்கள் பொம்மைச் சண்டை பிடிக்கிறார்கள் என்று ரியூட்டரிக்காரர் சிரிப்பார். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

பொம்மைகள் லண்டனிலிருந்து வந்தவை. கொண்டுவந்தவரை நாங்கள் அண்ணை என்றே கூப்பிட்டோம். நெடுங்கேணியில் தகப்பன் விட்டுப்போன வீட்டையும் வயலையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வந்தவர், முடிவெடுக்காமலே தங்கிவிட்டார். அவருடைய சித்தப்பாவின் மகள் ஆங்கில ஆசிரியை. விதிப்புத்தகம் தடித்த ஆங்கிலப் புத்தகம். அதை வாசித்து விளக்கம் சொல்லும் பொறுப்பு அவாவுடையது. சண்டையில் சண்டை வந்தால் ரீச்சர் சொன்னதுதான் தீர்ப்பு. வங்கியில் வேலை செய்த இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு நான்.

எனக்குப் பொம்மைகளைவிட நிலம்தான் பிடிக்கும். போர் நடக்க மலை வேண்டும், காடு வேண்டும், ஆற்றங்கரை வேண்டும். எங்கள் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் ஹாட்வெயர் கடை இருந்ததால் சாமான்களுக்குக் குறைவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரெஜிபோமைச் சூடாக்கிய கத்தியால் வெட்டி மலையாக்குவேன். பசை பூசி, பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினால் புல். தேங்காய்த் தும்பை முறுக்கி மரம். முதல் மலையை மேசையில் வைத்த அன்று அண்ணை அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "தம்பி, லண்டனில இதைக் காசு குடுத்து வாங்குவாங்கள்" என்றார். அதன் பிறகு எனக்கு மலைக்காரர் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அதற்குப் போட்டி வந்தபோதுதான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி ஆஸ்பத்திரிக்கு ஒரு பல் டொக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். வங்கிக்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு வந்து ஓரமாகக் கிடந்த மரவாங்கில் இருந்து பார்த்தார். அதிகம் கதைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொருளோடு வந்தார். தாளைப் பிரித்து மேசை நடுவில் வைத்தார்.

அது ஒரு பாறை. பல் அச்செடுக்கும் பிளாஸ்டரில் வார்த்து, பல் கிண்டும் ஊசியால் கீறி, மங்கிய நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருந்தார். வெடிப்புகளில் பாசி இருந்தது. மழைத்தண்ணீர் வடிந்த கறை இருந்தது. ரீச்சர் விரலால் தொட்டுப் பார்த்தா.

"இது கல்லு மாதிரி இல்லை. கல்லேதான்" என்றா.

பக்கத்தில் என்னுடைய மலை நின்றது. அதுவரை மலையாகத் தெரிந்தது, அந்த நிமிடத்திலிருந்து பச்சை பூசிய பிறந்தநாள் கேக் மாதிரித் தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது காது சுட்டது. "வடிவாய் இருக்கு டொக்டர்" என்றேன். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது என் வாய் எப்படிக் கோணியதோ தெரியாது.

அந்த வாரம் முழுக்கக் கடையில் மனம் நிற்கவில்லை. ஆணி கேட்டவருக்குத் திருகாணி நிறுத்துக் கொடுத்தேன். ஒட்டுசுட்டான் பக்கம் நல்ல பாறைகள் இருப்பதாக யாரோ சொல்ல, மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பாறைக்கு முன்னால் குந்தியிருந்து படம் கீறினேன். யானை நிற்கிற இடம், கெதியாய்ப் போங்கோ என்று விறகு கட்டிக்கொண்டு போன ஒருவர் எச்சரித்தார். திரும்பி வந்து கடையிலிருந்த பிளாஸ்டரைக் குழைத்து வார்த்தேன். சுவருக்குப் பூசும் பிளாஸ்டர் அது. காய்ந்ததும் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

டொக்டரோ ஒவ்வொரு வாரமும் ஏதாவது கொண்டுவந்தார். ஒருநாள் இடிந்த மதில். ஒருநாள் தண்ணீர் ஓடுகிற மாதிரியே மினுங்கும் ஓடை. அதை எப்படிச் செய்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. அவர் விளக்கும்போது மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு தாயக்கட்டையைத் துடைப்பேன். அவர் அகங்காரம் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "உங்கட மரங்கள்தான் நல்லம், எனக்கு மரம் வராது" என்று என்னிடமே சொல்வார். அது இன்னும் எரிந்தது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு நெடுங்கேணி வீட்டில் பெரிய போர் ஒன்று நடத்துவோம் என்று அண்ணை சொன்னார். மேசையில் பாதிக்கு நான் மலைக்காடு செய்ய வேண்டும். மற்றப் பாதிக்கு டொக்டர் ஒரு கணவாய் செய்ய வேண்டும். நான் கையில் கொப்புளம் வரும்வரை வேலை செய்தேன். போயா அன்று விடிய, வாடகைக்குப் பிடித்த வான் வந்தபோது டொக்டர் கணவாய் கட்டிய பலகையைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். ஏறும்போது துணி விலகியது. இரண்டு மலைகள், நடுவே வளைந்து போகும் பாதை, பாதையைப் பார்த்தபடி ஒரு சிதைந்த கோட்டை, கீழே ஆறு. என்னுடைய மலைகள் உரப்பைக்குள் இருந்தன.

நெடுங்கேணிக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரும் சாமான்களோடு இறங்க வேண்டும். சிப்பாய் என் உரப்பைக்குள் கையை விட்டு ஒரு மலையை வெளியே எடுத்தான். இலேசான சாமான் என்று கண்டதும் சிரித்தான். மேலே எறிந்து பிடித்துவிட்டு, "பிள்ளைக்கா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான். "ஓம்" என்றேன். உரப்பையைத் தந்துவிட்டான்.

பிறகு டொக்டரின் துணியை விலக்கினான். சிரிப்பு நின்றது. உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிவந்தான். அதிகாரி குனிந்து பாதையை விரலால் பின்தொடர்ந்தார். கோட்டையில் விரல் நின்றது. ஆங்கிலத்தில் கேட்டார்.

"இது எந்த இடம்?"

"ஒரு இடமும் இல்லை. நான் யோசிச்சுச் செய்தது" என்றார் டொக்டர்.

"இல்லாத இடத்துக்கு ஏன் இவ்வளவு சரியாகப் பாதை?"

எங்களை ஒரு தகரக் கொட்டிலில் இருத்தினார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். டொக்டரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. அவருடைய மலையை இராணுவமே உண்மை என்று நம்பிவிட்டது. என்னுடையதைச் சிப்பாய் மேலே எறிந்து பிடித்தான்.

கடைசியில் ரீச்சர் எழும்பிப் போனா. விதிப்புத்தகத்தை அதிகாரிக்கு முன்னால் விரித்தா. பெட்டியிலிருந்து டிராகனை எடுத்துக் கோட்டைமேல் வைத்தா. குள்ளர்களைப் பாதையில் நிறுத்தினா. தாயக்கட்டையை அதிகாரியின் கையிலேயே கொடுத்து, உருட்டுங்கோ என்றா. அவர் உருட்டினார். டிராகன் இரண்டு குள்ளரைக் கொன்றுவிட்டதாக அவா அறிவித்தா. அதிகாரி மறுபடியும் உருட்டினார். கொஞ்ச நேரத்தில் வெளியே நின்ற சிப்பாய்களும் எட்டிப் பார்த்தார்கள்.

எங்களை விட்டார்கள். பலகையை மட்டும் விடவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும், திரும்பி வரும்போது பாருங்கள் என்றார்கள்.

ஆகவே அன்றைய பெரிய போர் முழுக்க முழுக்க என்னுடைய மலைகளில்தான் நடந்தது. உள்ளுக்குள் எனக்கு அது கொஞ்சம் இனித்தது. ஆனால் மதியம் கோழிக்கறி சாப்பிடும்போதும், பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதும் கதை முழுக்க அந்தக் கணவாயைப் பற்றித்தான். "அது இருந்திருந்தா இந்தக் குதிரைப்படை இப்பிடி வந்திருக்க ஏலாது" என்றார் அண்ணை. இல்லாத பலகை, இருந்த மலைகளை வென்றது.

திரும்பும்போது பலகை அதிகாரியின் அறையில் இருந்தது. சிப்பாய்கள் அதன்மேல் சோடா மூடிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் சில, பாதையில் சில. அதிகாரி திருப்பித் தர ஆயத்தமாகத்தான் இருந்தார். டொக்டர் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இருக்கட்டும், இஞ்சயே வைச்சிருங்கோ" என்றார். வானுக்குள் எல்லோரும் அதையும் புகழ்ந்துகொண்டு வந்தார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அண்ணை ஒருவழியாக முடிவெடுத்தார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு லண்டனுக்குத் திரும்புவதென்று. பொம்மைகளை இங்கேயே விட்டுப் போவதாகச் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. கடைசிக் கூட்டத்துக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். டொக்டரும் தலையை வடிவாக வாரி இழுத்துக்கொண்டு வந்திருந்ததைக் கவனித்தேன். அண்ணை பெட்டியைத் தூக்கி ரீச்சரிடம் கொடுத்தார்.

"உனக்குத்தான் விதி முழுக்கத் தெரியும். நீ வைச்சிரு" என்றார்.

அவாவுக்கு விளையாடவே வராது. டிராகனை ஆற்றுக்குள் இறக்கி நிறுத்துகிற ஆள். கைதட்டினோம். படியிறங்கி வந்ததும் டொக்டர் என் பக்கத்தில் நடந்தார். இருவரும் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போனோம். பிளேன்ரீயும் வடையும் வந்தன.

"குதிரைவீரரையாவது பிரிச்சுத் தந்திருக்கலாம்" என்றார் டொக்டர்.

"அந்த நரைத்தாடி மந்திரவாதியை நான் கேக்க இருந்தனான்."

"நானும்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். என் முகம் பல மாதங்களாக எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. இன்னொரு வடைக்குச் சொன்னோம். அந்த ஓடையை எப்படி மினுங்க வைத்தீர்கள் என்று அன்றுதான் கேட்டேன். மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் என்றார். எங்கள் கடையிலேயே வாங்கியதாம், நான்தான் அளந்து கொடுத்தேனாம்.

ரீச்சர் வீட்டில் சில காலம் விளையாடினோம். பிறகு டொக்டருக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்தது. அதன் பிறகு நான்தான் ஒரே மலைக்காரன். வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாடு மறுபடியும் கெட்டுப்போய், ஊரடங்கும் சுற்றிவளைப்பும் தொடங்கியபோது ஞாயிறுகள் தாமாகவே நின்றுபோயின. பின்னேரங்களில் வெளியே இறங்கவே ஆட்கள் யோசித்தார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை டொக்டர் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரித்துவிட்டு, மன்னாரில் ஆஸ்பத்திரி ஆட்களைச் சேர்த்து ஒரு சிறிய கழகம் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். பொம்மைகளைத் தானே வார்க்கிறாராம். ஒரு மருந்தாளர் தும்பில் அருமையாக மரம் செய்கிறாராம்.

"உங்கட மரத்தைவிடவும் நல்லம்" என்றார், வழக்கமான வெள்ளை மனதோடு.

"நல்லது டொக்டர்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அன்று பின்னேரம் கடையைப் பூட்டிய கையோடு வீட்டுக்கு வந்து, தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துத் தும்பு பிரிக்கத் தொடங்கினேன்.