நாக்குக்காரர் கலக்கிய ஜின்

பாரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நாக்குக்காரர் என்றால்தான் தெரியும். எந்த மதுவைக் கலக்கினாலும் ஸ்ட்ராவை முக்கி, மேல் நுனியை விரலால் அடைத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் கிளாஸ் மேஜைக்குப் போகும். அந்தச் சொட்டுதான் அவர் பிழைப்பு, திமிரும் அதுதான். "எப்படி இருக்கு?" என்று யாரையும் கேட்டதில்லை. கேட்பதே கேவலம் என்று நினைக்கிற ஆள்.

"ஊருக்கெல்லாம் கலக்கிக் குடுக்கறீங்க, கட்டினவளுக்கு ஒரு நாளாவது குடுத்திருக்கீங்களா?" என்று மனைவி பல வருஷமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். அன்று விடுமுறை, வெயில் மண்டையைப் பிளந்தது. சரி, இன்றைக்குக் காட்டிவிடுவோம் என்று சமையலறைக்குள் நுழைந்தார்.

பாரில் சர்க்கரைப் பாகு தயாராக இருக்கும். வீட்டில் யார் காய்ச்சி வைத்திருக்கிறார்கள்? அலமாரியில் முதலில் கையில் பட்ட டப்பாவைத் திறந்து, வெள்ளையாக இருந்ததை இரண்டு கரண்டி அள்ளிச் சுடுதண்ணீரில் கரைத்தார். உயரமான கிளாஸில் புதினாவை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, கரைசலை ஊற்றி, அளந்து ஜின் விட்டு, விளிம்புவரை ஐஸ் போட்டு, சோடாவால் நிரப்பினார். ஓரத்தில் வெள்ளரித் துண்டு. பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது. ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்தார். தலையாட்டினார்.

"பிரமாதம். குடி."

அவள் ஒரு வாய் இழுத்தாள். அடுத்த நொடி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா? ஒரே உப்பு!"

"ருசி பார்த்துட்டுத்தானே குடுத்தேன்?"

"பார்த்துட்டா இதைக் குடுத்தீங்க?"

அவர் கிளாஸை வாங்கிக் குடித்தார். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். மணல் மாதிரி நறநறத்தது. எலுமிச்சையைக் கடித்தார், ஈரம் மட்டும் தெரிந்தது. ஜின் பாட்டிலை மூக்கருகே வைத்து இழுத்தார், ஒன்றுமில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து, அவள் சமையலில் ருசியே இல்லை என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாரில் கிளாஸ்கள் பாதியோடு திரும்பி வந்தபோது, குடிக்கத் தெரியாத கூட்டம் என்று முணுமுணுத்தார். இவ்வளவு நாளும் கெட்டுப்போயிருந்தது தன் நாக்குதானா? சொட்டு விட்டுத் தலையாட்டியதெல்லாம் வெறும் பழக்கமா?

"அய்யோ... நாளைக்கு வேலைக்குப் போய் நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. "டாக்டர்கிட்ட போவோம். ருசி திரும்பி வந்துடும்ங்க."

"வரலேன்னா?"

அவள் அலமாரிப் பக்கம் போனாள். வேறொரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சர்க்கரை இதுதான். இன்னொண்ணு கலக்குங்க."

அவர் எழுந்து, மறுபடியும் முதலிலிருந்து கலக்கினார். கடைசியில் பழக்கதோஷத்தில் ஸ்ட்ராவை எடுத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டு, கிளாஸை அவளிடம் நீட்டினார். அவள் குடித்தாள். அவர் அவள் உதட்டையும் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்."

"அப்படியா?" என்று சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் விட்டுத் தர, அவர் கிளாஸுக்காகக் கையை நீட்டினார்.