மீசை வரைந்த பலூன்

பெசன்ட் நகர் கடற்கரைக்கு மகன் குடும்பத்தோடு போனால் எனக்கு ஒரே வேலைதான். அவர்கள் அலையில் கால் நனைக்கப் போவார்கள். நான் மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். ஒரு நாள்கூட "நீயும் வாம்மா" என்று கூப்பிட்டதில்லை.

பக்கத்தில் பலூன் சுடும் பலகை போட்டிருந்தவள் மெலிந்த பெண், காதில் பிளாஸ்டிக் தோடு. கடை போட்டதும் நடு பலூனில் ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைவாள். முதல் குண்டை அவளே அதில் சுடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கேட்டேன். "யாரும்மா அது?"

"ஆத்தோரம் எங்க குடிசைய இடிச்சப்போ நின்னு சிரிச்சானே, அவன். டெய்லி சாவுறான்" என்றாள். "நீ இன்னா ஆயா, வாராவாரம் செருப்புக்குக் காவல் குந்திகினு கீற? உன் ஆளு யாரு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் புது பலூன் ஒன்றைக் கட்டிவிட்டு பேனாவை நீட்டினாள். நான் மீசை வரையவில்லை. மூக்குக்கண்ணாடி வரைந்தேன்.

துப்பாக்கியை வாங்கி நானே சுட்டேன். மூன்றாவது குண்டில் வெடித்தது.

மகன் ஈரக்காலோடு வந்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "செருப்பெல்லாம் பத்திரமாம்மா?" என்றான்.

"பத்திரம்ப்பா" என்றேன்.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று ஒரு பலூன் ஊதி வைத்திருப்பாள்.