பழக்கத்தில் சொன்ன "வேண்டாமுங்க"

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் நடந்தது.

என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எனக்கு நாற்பது தாண்டிப் பிறந்த ஒரே பிள்ளை. மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு. அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குப் பிறகு இவள் எங்கே போவாள் என்பதுதான் என் கவலை எல்லாம்.

சிறப்புப் பள்ளியில் இரண்டு வருடம் தொழில் பயிற்சி கொடுத்தார்கள். அவளுக்கு மூன்றுக்கு மேல் எண்ண வராது. அதனால் அங்கிருந்த டீச்சர் ஒரு மரப்பலகையில் ஆறு குழி போட்டுக் கொடுத்தார். குழிக்கு ஒரு போல்ட். ஆறும் நிறைந்தால் பைக்குள் தள்ளி ஒட்டிவிட வேண்டியதுதான். அந்தப் பலகையோடு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு, ஒரு மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு பைகூடத் தப்பாகவில்லை. பக்கத்தில் வேலை செய்த பெண் என்னைப் பார்த்தபோது, "உங்க புள்ள வந்ததுலிருந்து எங்க வாய்க்குப் பூட்டுங்கக்கா. கதை பேசினா, வேலையப் பாருங்கங்கறா. மொதலாளிகூட எங்கள இப்படி அதட்டுனதில்லீங்க" என்று சிரித்தார். சாயங்காலம் கையில் எண்ணெய் வாசத்தோடு வருவாள். வாசம் போய்விடுமாம், சோப்புப் போடச் சொன்னால் போடமாட்டாள்.

மாதம் முடிந்ததும் முதலாளி என்னை வரச் சொன்னார். சின்ன வயதுப் பையன்தான், மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். எனக்கு உட்காரவே கூச்சம். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்கம்மா, பாப்பாவ இங்கயே வச்சுக்கலாம்னு இருக்கறனுங்க. உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாமுங்க என்போம். உடனே சரி என்றால் அதற்காகவே வந்த மாதிரி ஆகிவிடும். அவர்கள் இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார்கள், அப்புறம்தான் வாங்கிக்கொள்வோம். வாழ்நாள் முழுக்க அப்படியே பழகிய வாய். சந்தோஷத்தில் அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம். வேண்டாமுங்க" என்றேன்.

அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று தலையைக் குனிந்தபடி காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது. "சரிங்கம்மா. உங்க விருப்பமுங்க. பெத்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். இல்லீங்க, அப்படி இல்லீங்க என்று நெஞ்சுக்குள் வந்தது வாய்க்கு வரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

 பஸ் காந்திபுரம் தாண்டியதும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் வேண்டாம்னு சொல்லலையே."

வெட்கத்தை விட்டு டீச்சரிடம் சொல்வதற்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் கம்பெனிக்குப் போன் செய்தபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் நிஜமாகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டாராம் முதலாளி. ரொம்ப வருத்தப்பட்டாராம். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு டீச்சர் இன்னும் இரண்டு கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்கள், அதோடு சரி.

இப்போதும், வேலைக்குப் போன அந்த எட்டு மணி பஸ் சத்தம் கேட்டால் மகள் வாசலுக்குப் போய் நிற்கிறாள். பஸ் போன பிறகு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறாள். 

கூச்சத்தில் வாய் தவறிவிட்டது என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேலை செய்தவள் பக்கத்திலேயே நிற்க, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேனே, அதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது.