டிவி மழையை நம்பி விட்ட தண்ணீர்

டிவி வாங்கிய நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வானிலைப் பைத்தியம். செய்தி முடிந்ததும் செயற்கைக்கோள் எடுத்த படம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நாட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். மறுநாள் டீக்கடையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பற்றி அவர்தான் வாத்தியார். எங்கள் காடு, அதாவது விவசாய நிலம், கிணத்துக்கடவுக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. இது எங்கள் எருமைக்குக்கூடத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வறண்ட வருடம். கிணற்றில் சேறுதான் இருந்தது. வாய்க்காலை நம்பி நிலக்கடலை போட்டிருந்தோம். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். நம் முறையில் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ள வேண்டும். விட்டால் அடுத்த முறைவரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கடலை பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம் அது. அப்போது ஒரு தண்ணீர் கிடைத்தால் காய் பிடிக்கும். கிடைக்காவிட்டால் வெறும் கொடி.

எங்கள் முறைக்கு முந்தின நாள் டிவியில் வங்கக் கடல் மேல் பெரிய சுழி ஒன்றைக் காட்டினார்கள். கோவைப் பக்கமும் மழை பெய்யக்கூடும் என்றார்கள். இவர் உடனே கணக்குப் போட்டுவிட்டார். பாய்ச்சின காட்டில் மழையும் பெய்தால் தண்ணீர் தேங்கிக் கடலை அழுகிவிடுமாம். விடிந்ததும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் போய் எங்கள் முறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் இவருக்கு மச்சான் முறை, எனக்கு அண்ணன் முறை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றதற்கு, "மேல ராக்கெட்டு உட்டு, போட்டோப் புடிச்சுச் சொல்றாங்க. உனக்கென்ன தெரியும்?" என்றார்.

மேகம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. காற்றும் அடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். நாலு தூற்றல் விழுந்தது, புழுதிகூட அடங்கவில்லை. அன்று செய்தியில் கடலோர ஊர்களில் வெள்ளம் என்று காட்டினார்கள். "பாத்தியா, சொன்ன மாதிரியே பேஞ்சிருக்குது" என்றார் இவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியைப் போட்டு உடைத்திருப்பேன்.

மச்சான் கிணற்றில் அப்போதும் தண்ணீர் இருந்தது, மோட்டார் ஓடியது. ஒரு பொழுது நம் காட்டுக்கு விடச் சொல்லுங்கள் என்றேன். கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் மரியாதை போய்விடும் என்றார் இவர். கடலை போனால் பரவாயில்லையாம், மரியாதை போகக் கூடாதாம்.

நானே போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். "அதுக்கென்னங்க அம்மணி, தாராளமா உடலாமுங்க. மாப்ள ஒரு வார்த்த வந்து சொல்லட்டுமுங்க" என்றார் அந்த அண்ணன். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டதை யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சரி என்று சொல்லி, அதற்குள் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். வந்து இவரிடம் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்றார். கடலில் இன்னொரு சுழி கிளம்பியிருக்கிறதாம். இவர் போகவும் இல்லை, சுழி வரவும் இல்லை.

கடலை பிடுங்கினோம். பத்துச் செடி பிடுங்கினால் ஒரு கை காய். உரித்தால் அதுவும் பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. அந்த அண்ணன் வரப்பில் வந்து நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பனேங்க மாப்ள" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "அட, பரவால்லீங்க மச்சான்" என்றார்.

"யாருக்குங்க பரவால்ல?" என்றேன் நான். "வருசத்துப் பாடு போச்சுங்கண்ணா. இவரு வாயத் தொறக்கல, நீங்க மோட்டாரப் போடல. ரெண்டு பேரும் மரியாதையத் தின்னு பசியாறிக்குங்க."

பிறகு மச்சான், அடுத்த வாரம் மழை உண்டா என்று இவரிடம் கேட்டார். இவர் விளக்க ஆரம்பித்தார். நான் கொடியை வாரிக்கொண்டு மாட்டுக்குப் போடப் போனேன்.