தூங்குமூஞ்சி மரத்தில் ஆறா, ஒன்பதா?

போன சனிக்கிழமை மேரு சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் படம் வரைகிற விதம் அப்படி. முழு மரத்தையும் வரைய எனக்குப் பயம். அத்தனை இலைக்கும் யார் பதில் சொல்வது? ஆகவே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை மட்டும் எடுத்துக்கொள்வேன். வெடிப்புகள் கண்ணுக்குப் பழகும்வரை பார்ப்பேன். பிறகு பேனா. பென்சில் கிடையாது — ரப்பர் கையில் இருந்தால் படத்தையே அழித்துவிடுகிற ஆள் நான்!

அன்று கவலை கொஞ்சம் கூடுதல். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஓவியக் கண்காட்சி. போன முறை எல்லாரும் என் படத்தைத் தாண்டி நேராகக் கறிபாப் பலகார மேசைக்குப் போனார்கள். இந்த முறையாவது ஒருத்தர்... ஒரே ஒருத்தர் நின்று பார்ப்பாரா?

ஒரு லோரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"அண்ணே, என்னா பாக்குறீங்க?"

"பட்டை."

"பட்டையில?"

"கோடு."

அவ்வளவுதான் சொன்னேன். நம் ஊரில் மரத்தை உற்றுப் பார்க்கிறவன் வேறு எதற்குப் பார்ப்பான்? லாட்டரிக்கு நம்பர் எடுக்கத்தானே!

பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்த ஓர் ஆன்டியும் கூடையோடு நின்றுவிட்டார். "நம்பர் தெரியுதா? தள்ளுங்க, தள்ளுங்க!" பட்டையில் பூசினால் நம்பர் பளிச்சென்று தெரியுமாம்; கைப்பையிலிருந்து பவுடர் டின் வெளியே வந்தது.

"ஐயோ ஆன்டி, இந்தப் படத்த நாளைக்கு பிரிக்பீல்ட்ஸ் கண்காட்சியில மாட்டணும்..." என்று நான் அலறுவதற்குள், பட்டை முழுக்கப் பவுடரைக் கொட்டித் தேய்த்துவிட்டார்.

போச்சு! படம் பாதிதான் முடிந்திருந்தது.

பயந்து பயந்து பார்த்தேன்... அட! மேடெல்லாம் வெள்ளை, வெடிப்பெல்லாம் கறுப்பு. காலையிலிருந்து கண்ணை இடுக்கித் தேடிய கோடுகள் தாமாக எழுந்து நின்றன. பேனா ஓடியது, ஓடியது... சிரிப்பை வேறு அடக்க முடியவில்லை.

முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் மரத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பாஸ், அந்த ரெண்டுக்கு வால் போடலையே!" — லோரிக்காரர்.

பார்த்தேன். உண்மைதான், ஒரு வெடிப்பை விட்டிருந்தேன். போட்டேன்.

"இது ஆறா, ஒம்போதா?" — ஆன்டி.

"அது வெறும் வெடிப்பு ஆன்டி. நான் படிக்காதவன், என்னைப் போயி நம்பர் கேக்குறீங்க..."

"எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றார் லோரிக்காரர்.

"ஆறாம் வகுப்போட நின்னுட்டேன்."

"அப்ப ஆறுதான்லா!"

இயற்கையை வரைய அமைதி வேண்டும், தனிமை வேண்டும் என்பார்கள். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். நம்பர் பைத்தியம் இரண்டு பேர் போதும் — ஒரு கீறலைத் தவறவிட முடியாது!

மறுநாள் கண்காட்சி. கறிபாப் வழக்கம்போலத் தீர்ந்தது. ஆனால் என் படத்தின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நகரவே இல்லை. மூக்கு சட்டக் கண்ணாடியில் முட்டுகிறது. கிட்டே போனேன்... ஆன்டி!

"நேத்துக் குலுக்கல்ல நம்பர் வந்துச்சா ஆன்டி?"

"எங்க வந்துச்சு! அதான், இன்னொருக்கா சரியா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."